நொதி இருக்கிறது, வழிதான் இல்லை: கிளைக்கோஜன் சேமிப்பு நோய் 1பி, ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று, நான்கு மாதக் குழந்தைக்கு வயிறு உப்பியிருக்கிறது. அமுக்கிப் பார்த்தால் கல்லீரல் விலா எலும்பைத் தாண்டி வெகுதூரம் கீழே இறங்கியிருக்கிறது. பால் குடித்து மூன்று மணி நேரம் ஆனாலே ரத்தச் சர்க்கரை சரிந்துவிடுகிறது. லாக்டிக் அமிலம், யூரிக் அமிலம், கொழுப்பு மூன்றும் ஏறியிருக்கின்றன. கல்லீரல் துணுக்கை எடுத்துப் பார்த்தால் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலி, நிரம்பிக் கிடக்கிறது. சரி, கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக்கும் கடைசி நொதி பழுதாகியிருக்கும் என்று ஆய்வகத்துக்கு அனுப்பினால், நொதி இயல்பாக வேலை செய்கிறது என்று முடிவு வருகிறது.

முதலாம் வகை கிளைக்கோஜன் சேமிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நிலைமை இதுதான். மருத்துவத்தில் இதற்கு 1பி என்று பெயர். சர்க்கரை இருக்கிறது, அதை விடுவிக்கும் நொதியும் இருக்கிறது, இரண்டும் சந்திக்கத்தான் முடியவில்லை. நடுவில் ஒரு சவ்வு நிற்கிறது.

செல்லுக்குள் சர்க்கரை ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு எப்படிப் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நோய் எனக்குத் தெரிந்து வேறில்லை. வளர்சிதை மாற்றப் பாதைகளைப் பாடப்புத்தகங்களில் அம்புக்குறி போட்டு வரைகிறோம். அந்த அம்பு எந்தச் சவ்வைத் தாண்டுகிறது என்பதைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. குறிக்காமல் விட்ட இடத்தில்தான் இந்தக் குழந்தைகளின் நோய் பல ஆண்டுகள் கண்ணில் படாமல் கிடந்தது.

இயல்பான கல்லீரலில் நடப்பது

சாப்பிட்டு சில மணி நேரம் ஆனதும் கல்லீரல் தன் கிளைக்கோஜனை உடைக்கத் தொடங்கும். லாக்டேட், கிளிசரால், அமினோ அமிலங்கள் ஆகியவற்றிலிருந்து புதிதாகவும் சர்க்கரை செய்யும். இரண்டு வழிகளும் ஒரே பொருளில் வந்து முடிகின்றன: குளுக்கோஸ்-6-பாஸ்பேட். இது சைட்டோசாலில், அதாவது செல்லின் பொதுத் திரவத்தில் இருக்கிறது. இதன் ஆறாவது கார்பனில் ஒரு பாஸ்பேட் தொகுதி ஒட்டியிருக்கிறது. அந்தத் தொகுதியின் மின்னேற்றம் காரணமாக இது எந்தச் சவ்வையும் தானாகக் கடக்க முடியாது. சாதாரணக் குளுக்கோஸைக் கடத்தும் குளூட் வகைப் புரதங்களும் இதை ஏற்பதில்லை. செல்லுக்கு இது வசதிதான். உள்ளே வந்த சர்க்கரையைப் பிடித்து வைத்துக்கொள்ள பாஸ்பேட் மாட்டிவிட்டால் போதும். ஆனால் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுக்க வேண்டிய கல்லீரல், கொடுப்பதற்கு முன் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றியாக வேண்டும்.

கழற்றும் நொதி குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ். இது சைட்டோசாலில் மிதக்கும் நொதி இல்லை. செல்லுக்குள் சவ்வால் சூழப்பட்ட ஓர் அறையான எண்டோபிளாச வலையின் சவ்வில் ஒன்பது முறை உள்ளும் வெளியுமாகத் தைத்ததுபோல் பதிந்திருக்கிறது. அதன் வினை நடக்கும் மையம் வலையின் உட்புறத்தைப் பார்த்து இருக்கிறது. ஆக, சர்க்கரை சவ்வின் ஒரு பக்கம், கத்தரிக்கும் இடம் மறுபக்கம். இடையில் இரண்டையும் இணைக்கும் வாசல் ஒன்று தேவை. அந்த வாசல்தான் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் கடத்திப் புரதம். பத்து முறை சவ்வைக் கடக்கும் 429 அமினோ அமிலங்களின் சங்கிலி அது. சைட்டோசால் பக்கம் திறந்து ஒரு குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை ஏற்கும். பிறகு அந்தப் பக்கம் மூடி உட்புறம் திறக்கும். உள்ளே சர்க்கரையை இறக்கிவிட்டு, திரும்பும்போது ஒரு பாஸ்பேட்டை வெளியே கொண்டுவரும். உள்ளே கழற்றப்பட்ட பாஸ்பேட் குவியாமல் இருப்பதற்கும் இந்த மாற்று ஏற்பாடு உதவுகிறது.

உள்ளே விடுபட்ட குளுக்கோஸ் மறுபடி சைட்டோசாலுக்கு வந்து, அங்கிருந்து செல்லின் வெளிச்சவ்வைத் தாண்டி ரத்தத்தில் சேர வேண்டும். வெளிச்சவ்வில் அந்த வேலை குளூட்-2 புரதத்தினுடையது என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. குளூட்-2 இல்லாத எலிகளின் கல்லீரல் செல்களும் இயல்பான அளவில் குளுக்கோஸை வெளியிடுகின்றன என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே வேறு வழியும் உண்டு.

தசையைப் பற்றி ஒரு வார்த்தை. தசை செல்களில் இந்தப் பாஸ்படேஸ் கிடையாது. அதனால் தசையின் கிளைக்கோஜன் தசைக்கு மட்டும்தான். உடம்பு பசியில் இருக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுப்பவை முக்கியமாகக் கல்லீரலும், அடுத்துச் சிறுநீரகமும். இந்த நோயில் இரண்டுமே வீங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வகம் தவறவிட்டது எப்படி

1929-இல் ஜெர்மன் நோயியலாளர் எட்கர் ஃபான் கீர்க்கே, கிளைக்கோஜனால் பெருத்துப்போன கல்லீரலும் சிறுநீரகமும் கொண்ட குழந்தைகளை விவரித்தார். 1952-இல் கெர்டி கோரியும் கார்ல் கோரியும் இந்த நோயில் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் இல்லாமல் போவதைக் காட்டினார்கள். பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறு ஒன்றுக்குக் குறிப்பிட்ட ஒரு நொதியின் குறைவே காரணம் என்று கல்லீரலில் நேரடியாக நிறுவிய முதல் சான்று அது.

அதற்குப் பிறகு வந்த குழப்பத்தைத்தான் இந்த ஆய்வின் மையம் என்று சொல்வேன். 1968-இல் சீனியரும் லோரிடானும், அறிகுறிகள் எல்லாம் அப்படியே இருந்தும் நொதி மட்டும் சோதனைக் குழாயில் இயல்பாக இருந்த நோயாளிகளைத் தனியாகப் பிரித்து 1பி என்று பெயரிட்டார்கள். கிளிசராலை ரத்தக்குழாயில் செலுத்திப் பார்த்தபோது உயிருள்ள கல்லீரல் குளுக்கோஸைத் தரவில்லை. துணுக்கை அரைத்துப் பார்த்தால் நொதி நன்றாக வேலை செய்தது. உடம்பு ஒன்று சொன்னது, குழாய் வேறொன்று சொன்னது.

விடைக்கான வழியைக் காட்டியது நோயாளிகளைப் பற்றிய ஆய்வு அல்ல, எலிக் கல்லீரலில் செய்த உயிர்வேதியியல். செல்லை அரைத்துச் சுழற்றிப் பிரித்தால் எண்டோபிளாச வலை சின்னஞ்சிறு குமிழ்களாக உடைந்து மூடிக்கொள்ளும். இவற்றுக்கு மைக்ரோசோம் என்று பெயர். குமிழ் முழுதாக இருக்கும்போது நொதியின் மையம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. சோப்புபோல் செயல்படும் டிடர்ஜென்ட் சேர்த்தால் சவ்வு கிழிந்து நொதி வெளிப்படும். வில்லியம் ஆரியனும் அவருடைய சகாக்களும் இந்த இரண்டு நிலைகளையும் ஒப்பிட்டார்கள். அவர்கள் கையாண்ட ஒரு பொருள் என்னை இன்றும் கவர்கிறது: மேனோஸ்-6-பாஸ்பேட். குமிழ் கிழிந்திருந்தால் பாஸ்படேஸ் இதை நன்றாகவே கத்தரிக்கும். முழுதாக இருந்தால் ஏறத்தாழ தொடவே தொடாது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டையோ முழுக் குமிழிலும் கத்தரிக்கிறது. நொதி ஒன்றேதான், பொருள்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒன்று உள்ளே போகிறது, மற்றது போகவில்லை என்றால் தேர்ந்தெடுப்பது நொதி இல்லை. சவ்வில் இருக்கும் வேறொன்று. 1975-இல் அவர்கள் முன்வைத்த கருத்து இதுதான்: சர்க்கரையைத் தேர்ந்து உள்ளே விடும் தனிக் கடத்தியும், உள்ளே கத்தரிக்கும் நொதியும் சேர்ந்து இயங்குகின்றன.

மேனோஸ்-6-பாஸ்பேட்டுக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. கையில் உள்ள மாதிரியில் எத்தனை குமிழ்கள் ஏற்கெனவே கிழிந்திருக்கின்றன என்று அளக்கலாம். இந்த அளவு இல்லாமல் முழுக் குமிழின் வேகத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

1978-இல் ஜப்பானில் நரிசாவா குழுவினர் இந்தக் கருத்தை 1பி நோயாளியின் கல்லீரலில் வைத்துப் பார்த்தார்கள். உறையவைக்காத புதிய துணுக்கில் டிடர்ஜென்ட் இல்லாமல் அளந்தால் நொதியின் வேகம் மிகக் குறைவு. டிடர்ஜென்ட் சேர்த்தால் இயல்பு. உறையவைத்து உருக்கிய துணுக்கிலும் இயல்பு. ஏனென்றால் பனிப் படிகங்களே சவ்வைக் கிழித்துவிடுகின்றன.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். துணுக்கை எடுத்ததும் உறையவைத்து அனுப்புவது எல்லா ஆய்வகத்திலும் நல்ல வழக்கம். நொதி கெடாமல் இருக்க அப்படித்தான் செய்வார்கள். இந்த நோயில் அந்த நல்ல வழக்கமே சவ்வை உடைத்து, வாசல் இல்லாத குறையை மறைத்துவிட்டது. நோய் இருந்த இடம் சவ்வு. சோதனையின் முதல் படியே சவ்வை அழித்தது. யாரும் கவனக்குறைவாக இல்லை, அளவீடும் பிழையில்லை. நொதி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள், அதற்குச் சரியான பதில் வந்தது. சர்க்கரை நொதியிடம் போய்ச் சேருகிறதா என்று கேட்கவில்லை. கடத்திப் புரதம் தொடர்பான எந்தக் கோளாறையும் அரைத்த திசுவில் தேடுபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மரபணு கிடைத்தது

வாசல் ஒன்று இருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகும் அந்தப் புரதம் கையில் அகப்படவில்லை. பாஸ்படேஸின் மரபணு 1993-இல் கிடைத்துவிட்டது. கடத்தியின் மரபணு 1997-இல்தான் வந்தது. பிரஸ்ஸல்ஸில் எமில் வான் ஷாஃப்டிங்கன் குழுவினர் பாக்டீரியாவிலிருந்து தொடங்கினார்கள். பாஸ்பேட் மாட்டிய சர்க்கரையை வெளியிலிருந்து உள்ளே இழுத்து, பதிலுக்குப் பாஸ்பேட்டை வெளியே விடும் புரதம் பாக்டீரியாவில் உண்டு. அதன் வரிசையை ஒத்த மனித வரிசையைத் தேடிப் பிடித்தார்கள். 1பி நோயாளிகளில் அதே மரபணுவில் பிறழ்வுகள் இருந்தன. 11-ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவுக்கு இன்று எஸ்எல்சி37ஏ4 என்று பெயர். இப்போது 1பி என்று சந்தேகம் வந்தால் கல்லீரலைக் குத்தத் தேவையில்லை, ரத்தத்தில் மரபணுவைப் படித்தால் போதும்.

வெள்ளணுக்கள் ஏன் குறைகின்றன

இதுவரை சொன்னது சர்க்கரை சரிவதையும் கல்லீரல் வீக்கத்தையும் விளக்குகிறது. ஆனால் 1பி குழந்தைகளுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. பாக்டீரியாவை விழுங்கிக் கொல்லும் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் குறைந்துபோகும், இருப்பவையும் சரியாக வேலை செய்யாது. அடிக்கடி சீழ்க்கட்டி, ஈறு அழற்சி, வாய்ப்புண். பலருக்குக் குடலில் க்ரோன் நோய் போன்ற அழற்சி. பாஸ்படேஸ் நொதியே இல்லாத 1ஏ நோயாளிகளுக்கு இது வருவதில்லை. ஒரே பாதையில் அடுத்தடுத்த இரண்டு படிகள். ஒன்று பழுதானால் வெள்ளணு தப்பிக்கிறது, மற்றது பழுதானால் மாட்டிக்கொள்கிறது. ஏன்?

கல்லீரல் மாற்று அறுவை செய்த நோயாளிகளிடம் ஒரு தடயம் கிடைத்தது. புதிய கல்லீரல் ரத்தச் சர்க்கரையைச் சரிசெய்துவிடும், வெள்ளணுக் குறைவு பெரும்பாலும் அப்படியே நிற்கும். அப்படியானால் குறை வெள்ளணுவுக்கு உள்ளேயே இருக்கிறது. 2009-இல் அடுத்த தடயம் வந்தது. பாஸ்படேஸுக்கு ஜி6பிசி3 என்று ஒரு உறவினர் நொதி உண்டு. கல்லீரலில் மட்டுமல்லாமல் உடம்பு முழுக்க, எண்டோபிளாச வலையில் இருக்கும். அந்த மரபணு பழுதான குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கடுமையான வெள்ளணுக் குறைவு இருந்தது. ரத்தச் சர்க்கரை மட்டும் இயல்பு. கடத்தி பழுதானாலும் ஜி6பிசி3 பழுதானாலும் வெள்ளணுவுக்கு ஒரே கதி. ஆக வெள்ளணுவில் வாசலும் இந்த இரண்டாம் நொதியும் சேர்ந்து ஏதோ ஒன்றைக் கையாளுகின்றன.

அது என்ன? குளுக்கோஸ்தான் என்று பலர் எண்ணினார்கள். எனக்கு அந்த விளக்கம் எப்போதும் பலவீனமாகவே பட்டது. நியூட்ரோபில் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்து எரிக்கும் செல். வெளியே கொடுப்பது அதன் வேலை இல்லை. பாஸ்பேட்டைக் கழற்றி அது என்ன செய்யப் போகிறது?

2019-இல் மரியா வெய்கா-டா-குன்யாவும் வான் ஷாஃப்டிங்கனும் சகாக்களும் விடையைத் தந்தார்கள். உணவின் வழியாக நம் ரத்தத்தில் 1,5-அன்ஹைட்ரோகுளூசிட்டால் என்ற பொருள் எப்போதும் இருக்கிறது. குளுக்கோஸின் முதல் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டால் கிடைப்பது இதுதான். தீங்கில்லாதது, எதற்கும் பயன்படுவதாகவும் தெரியவில்லை. ஆனால் குளுக்கோஸை ஒத்திருப்பதால் செல்லுக்குள் இருக்கும் நொதிகள் எப்போதாவது ஏமாந்து இதற்கும் ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடுகின்றன. குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக இருந்தால் அடுத்த படியில் ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட்டாக மாறிப் போய்விடும். இதற்கு முதல் கார்பனில் வேண்டிய தொகுதி இல்லை, மாற முடியாது. மின்னேற்றம் இருப்பதால் வெளியேறவும் முடியாது. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகும்.

இயல்பான செல்லில் இதை யார் அப்புறப்படுத்துகிறார்கள்? அதே வாசல்தான். கடத்தி இதையும் எண்டோபிளாச வலைக்குள் விடுகிறது, அங்கே ஜி6பிசி3 பாஸ்பேட்டைக் கழற்றுகிறது, பழைய பொருளாகி வெளியே போய்விடுகிறது. வாசலோ நொதியோ இல்லாவிட்டால் நியூட்ரோபிலில் இது மில்லிமோலார் அளவுக்குக் குவிகிறது. குவிந்ததும் ஹெக்சோகைனேஸ் நொதியை அடைத்துவிடுகிறது. ஹெக்சோகைனேஸ்தான் சர்க்கரையை எரிக்கும் பாதையின் முதல் படி. தன் விளைபொருளான குளுக்கோஸ்-6-பாஸ்பேட் மிகுந்தால் தானே வேகம் குறையும் இயல்பு அதற்கு உண்டு, அந்த இடத்தில் இந்தப் போலி போய் உட்கார்ந்துகொள்கிறது. பெரும்பாலும் இந்தப் பாதையை, அதாவது கிளைக்காலிசிஸை, நம்பியே வாழும் நியூட்ரோபிலுக்கு அதற்கு மேல் பிழைக்க வழியில்லை.

1ஏ நோயாளிகள் ஏன் தப்பிக்கிறார்கள் என்பதும் இப்போது புரிகிறது. அவர்களிடம் வாசல் இருக்கிறது, ஜி6பிசி3 இருக்கிறது. இல்லாதது கல்லீரலின் பாஸ்படேஸ் மட்டும்.

இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சர்க்கரையை அறை விட்டு அறை கடத்துவது சத்தை எடுத்துச் செல்வதற்காக என்றே நாம் நினைக்கிறோம். வெள்ளணுவில் அதே கடத்தி கழிவை அகற்றுகிறது. ஒரே புரதம், ஒரே சவ்வு, ஒரே திசை; கல்லீரலில் உடம்புக்கே சர்க்கரை தருகிறது, வெள்ளணுவில் நொதிகள் செய்த சிறு பிழையைத் துடைக்கிறது. கடத்தியின் வேலை என்ன என்று கேட்டால் எந்தச் செல்லில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதை ஒட்டி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எஸ்எல்சி37ஏ4 மரபணுவின் கடைசிப் பகுதியில் ஒரு பிறழ்வு வந்தால் புரதத்தின் வால் அறுந்துபோகும். எண்டோபிளாச வலையிலேயே தங்கு என்று சொல்லும் அடையாளம் அந்த வாலில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் கடத்தி செல்லின் இன்னொரு சவ்வறையான கோல்ஜி பக்கம் நகர்ந்துவிடும். அப்போது வருவது 1பி நோயே இல்லை. புரதங்களில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டுவதில் கோளாறு. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும். சரியாக இயங்கும் கடத்தி தவறான அறையில் இருப்பதும் ஒரு நோய்தான்.

சிகிச்சை

கல்லீரல் பக்கத்துக்குச் செய்வது பாதையைச் சுற்றிப் போவதுதான். உடம்பால் சர்க்கரையை விடுவிக்க முடியாததால் வெளியிலிருந்து இடைவிடாமல் கொடுக்க வேண்டும். 1970-களில் இரவு முழுக்க மூக்குக் குழாய் வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தத் தொடங்கினார்கள். 1984-இல் வேகவைக்காத மக்காச்சோள ஸ்டார்ச் வந்தது. மெதுவாகச் செரிப்பதால் சில மணி நேரம் குளுக்கோஸைச் சிறிது சிறிதாகத் தரும். வேகவைத்தால் இந்தப் பயன் போய்விடும், சீக்கிரம் செரித்துவிடும். இன்னொரு கட்டுப்பாடு பலருக்கு வியப்பாக இருக்கும்: ஃபிரக்டோஸ், கேலக்டோஸ் இரண்டையும் குறைக்க வேண்டும். அதனால் சாதாரணச் சர்க்கரை, பால், பழம் எல்லாமே அளவோடு. கல்லீரலுக்குள் இவை குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக மாறி அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறாது, லாக்டிக் அமிலம்தான் ஏறும். லாக்டேட்டை மூளை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்வதால், சர்க்கரை மிகக் குறைந்த நிலையிலும் சில குழந்தைகள் தெளிவாகவே தெரிவார்கள். முகத்தைப் பார்த்து நம்பக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும்.

வெள்ளணுக்களுக்கு 1990-களிலிருந்து, அவற்றின் உற்பத்தியைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டார்கள். எண்ணிக்கை ஏறியது, தொற்றுகள் குறைந்தன. ஆனால் உள்ளே குவியும் நஞ்சு அப்படியே இருந்தது. மண்ணீரல் வீங்கும், நீண்ட கால உபயோகத்தில் ரத்தப் புற்றுநோய் பற்றிய கவலையும் உண்டு.

காரணம் தெரிந்ததும் சிகிச்சையும் மாறியது. அன்ஹைட்ரோகுளூசிட்டாலைச் சிறுநீரகம் வடிகட்டி மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீரில் குளுக்கோஸ் அதிகமானால் அது போட்டியிட்டு இந்த உறிஞ்சலைத் தடுக்கும். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களின் ரத்தத்தில் இந்தப் பொருள் குறைந்திருக்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம், அதை வைத்தே ஒரு ரத்தச் சோதனையும் புழக்கத்தில் இருக்கிறது. அப்படியானால் சிறுநீரில் குளுக்கோஸை விடும் நீரிழிவு மருந்து, எஸ்ஜிஎல்டி2 தடுப்பான், நஞ்சின் மூலப்பொருளையே வெளியேற்றுமே. ஜி6பிசி3 இல்லாத எலிகளில் 2019-இலேயே பார்த்துவிட்டார்கள்: அன்ஹைட்ரோகுளூசிட்டாலைக் கொடுத்தால் வெள்ளணுக்கள் குறைந்தன, தடுப்பானைக் கொடுத்தால் ஏறின.

ரத்தச் சர்க்கரை சரிவதே நோயாக இருக்கும் குழந்தைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மருந்தைக் கொடுப்பது என்றால் யாருக்கும் கை நடுங்கும். 2020-இல் 1பி நோயாளிகள் நான்கு பேருக்கு இந்தத் தடுப்பான்களில் ஒன்றான எம்பாக்ளிஃப்ளோசின் கொடுத்த முடிவுகள் வெளிவந்தன. நஞ்சின் அளவு இறங்கியது, நியூட்ரோபில்கள் மறுபடி வேலை செய்தன, புண்களும் தொற்றுகளும் குறைந்தன. 2022-இல் 112 நோயாளிகளின் அனுபவத்தைப் பல நாடுகளிலிருந்து தொகுத்தார்கள். அவர்களில் பலர் ஜி-சிஎஸ்எஃப் ஊசியைக் குறைக்கவோ நிறுத்தவோ முடிந்தது. குறைந்த அளவில் தொடங்கி, சர்க்கரையை அடிக்கடி அளந்துகொண்டே ஏற்ற வேண்டும் என்பது இதில் பிசகக் கூடாத விதி. ஓர் அரிய நோய்க்கு, காரணம் தெரிந்த அடுத்த ஆண்டே, ஏற்கெனவே கடைகளில் இருந்த மருந்து பொருந்தி வந்தது. இவ்வளவு வேகம் அபூர்வம்.

ஆனாலும் எம்பாக்ளிஃப்ளோசின் வாசலைத் திருப்பித் தருவதில்லை. கல்லீரலில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் இன்னும் தவறான பக்கத்தில்தான் நிற்கிறது. கடத்தியின் மரபணுவை வைரஸ் வழியாகக் கல்லீரலுக்கு அனுப்பும் முயற்சி எலிகளில் சர்க்கரைச் சமநிலையை மீட்டிருக்கிறது. மருந்து எடுத்து வாய்ப்புண் ஆறிய குழந்தைக்கும் இரவில் ஸ்டார்ச் கொடுக்கும் நேரம் மட்டும் தவறக் கூடாது.